கோயில் பரணில் கிடந்த வேட்டைத் துப்பாக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது மலேசியாவின் தென் பேராக்கில் ஒரு தோட்ட நகரத்தில் நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதவில்லை. சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. இதை வெளியிடக் கோயில் நிர்வாகமும், கீழே வரும் பாட்டியின் பிள்ளைகளும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

ஊரை ஒட்டியிருந்த தோட்டம் பால்மரத்திலிருந்து (ரப்பர்) செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறி, கடைசியில் வீடமைப்புத் திட்டத்துக்காகக் கைமாறியது. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிரட்டுக் களம் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் திடல்), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) எல்லாம் இடிபட்டன. மிஞ்சி நின்றது முனியாண்டி கோயில் ஒன்றுதான். நிர்வாகம் பல முறை பேசி மாற்று நிலம் பெற்று, சிலைகளைப் பெயர்த்துக் கொண்டுபோக நாளும் குறித்துவிட்டது. கோயிலை ஒட்டிய சாமான் அறையில் மூன்று தலைமுறைப் பொருள்கள் கிடந்தன: பித்தளைக் குத்துவிளக்குகள், வீச்சரிவாள்கள், துருப்பிடித்த வேல்கள், காவடித் தண்டுகள், பழைய ரசீதுப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, யார் கொடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க நிர்வாகம் என்னை அழைத்திருந்தது.

என்ன கிடைத்தது

ஒரு சனிக்கிழமை காலையில் இளைஞர்கள் பரணை இறக்கினார்கள். கூரைத் தகரத்துக்கு அடியில், சட்டத்தோடு சேர்த்துக் கட்டியபடி ஒரு நீளமான கோணிச் சாக்கு மூட்டை இருந்தது. அதைப் பூசாரி முன்பே அறிவார். அவருக்கு முன்பு பூசை செய்தவர் பொறுப்பை ஒப்படைத்தபோது, "அந்த மூட்டைல கைவைக்காதீங்க, அது சாமி சாமான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பலகைக் கோயிலைக் கல் கட்டடமாக மாற்றிய காலத்திலும் மூட்டையைப் பிரிக்காமலே புதுப் பரணுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

உள்ளே ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நிறுத்தி வைத்தால் ஆளின் தோள் உயரம். பின்பக்கம் மடித்துத் தோட்டா போடுகிற வகை இல்லை. குழலின் வாய் வழியாகவே கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் நாரையோ காகிதத்தையோ வைத்து அடைத்து, ஈய ரவைகளை இட்டு, மறுபடி அடைத்து, இரும்புக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டிய பழைய வகை. அந்தக் கம்பி குழலுக்கு அடியில் வளையங்களில் செருகியிருந்தது. குழலின் பின்முனையில் துளையுள்ள ஒரு சிறிய காம்பு. அதன் மேல் அடிபட்டால் தீப்பொறி எழுப்பும் செம்புக் கேப்பு ஒன்றைப் பொருத்தினால், விசையை இழுத்ததும் சுத்தி அதன்மீது விழுந்து, நெருப்பு துளை வழியே மருந்துக்குப் போகும். காம்பின் மேல் கேப்பு இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ கறுத்து இறுகியிருந்தது. மூட்டைக்குள் வெறுமையாய் ஒரு மூங்கில் குழாயும், மூடி இறுகிப்போன ஒரு புகையிலை டப்பாவும் இருந்தன. டப்பாவுக்குள் செம்புக் கேப்புகள்.

அன்று பகலில் நடந்தவற்றை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். பாடம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. ஓர் இளைஞர் சுத்தியைப் பின்னுக்கு இழுத்து விசையைத் தட்டினார். 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. உடனே எல்லாரும் அது காலித் துப்பாக்கி என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. தோளில் வைத்துக் குறிபார்ப்பது போலப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் போயின. கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டு ஒருவர் ஓங்கிக் குத்திப் பார்த்தார். பித்தளைச் சாமான்களோடு அதையும் சிமெண்டுத் தரையில் வெயிலில் காயவைத்தார்கள்.

மறுநாள் நிர்வாகக் கூட்டத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தது. புதுக் கோயிலில் முனியாண்டி சிலைக்குப் பக்கத்தில், அரிவாள்களோடு சேர்த்து அதையும் நிறுத்தலாம் என்றார்கள். குழலின் அடிப்பகுதியில் இரும்புத் தாங்கி ஒன்றை வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறைக்காரரிடம் பேசி, திங்கள் காலை கொண்டுபோவதாக ஏற்பாடும் ஆனது.

கம்பியை வைத்துக் கண்டுபிடித்தது

ஞாயிறு மாலை பழைய விளக்குகளை அடையாளம் காட்ட ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். எண்பதைத் தாண்டியவர், அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது அப்பாவோடது. ஆத்துல போட்டுட்டேன்னு சொன்னாரே" என்றார். அப்புறம் அவர் கவனம் குழலின் வாய்ப்பக்கம் போனது. முந்தைய நாள் குத்திப் பார்த்தவர் கம்பியை உள்ளேயே விட்டிருந்தார். அது வாய்க்கு வெளியே ஏறக்குறைய நான்கு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது.

"கம்பி முழுசா உள்ள போகலியே தம்பி. வெளிய தெரிஞ்சா மருந்து கெட்டிச்சிருக்குன்னு அர்த்தம். தொடாதீங்க."

அவர் சொன்னது சரியான சோதனை. இப்படிப்பட்ட துப்பாக்கிகளின் கம்பி குழலின் உள்நீளத்துக்கு ஏற்ப இருக்கும். குழல் காலியாக இருந்தால் கம்பி அடிவரை போய், வாயோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும். மருந்தும் ரவையும் உள்ளே இருந்தால் அவை அடைத்திருக்கும் அளவுக்குக் கம்பி வெளியே தெரியும். வேட்டைக்காரர்கள் கம்பியில் ஒரு கோடு கீறி வைத்து இதைப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பாட்டியின் அப்பா தம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தது இந்த ஒரு விதியைத்தான்.

இளைஞர்களில் ஒருவர் எழுபது ஆண்டுக்கு மேலான மருந்து செத்துப்போயிருக்கும் என்றார். கருமருந்து அப்படிச் சாவதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த அந்தப் பொடி ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கடந்தும் வீரியத்தோடு இருக்கும். நனைந்தாலும், காய்ந்த பிறகு மறுபடி தீப்பிடிக்கக்கூடும். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், 1860-களின் உள்நாட்டுப் போரில் மிஞ்சிய பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்துபோனார். அது ஏறத்தாழ 140 ஆண்டுப் பழைய மருந்து. எங்கள் துப்பாக்கி தகரக் கூரைக்கு அடியில், வெப்பமும் உலர்ச்சியும் நிறைந்த இடத்தில் கிடந்திருக்கிறது. காம்பின் மேல் கறுத்து இறுகியிருந்தது மெழுகு என்பது பின்னால் தெரிந்தது.

விசையைத் தட்டியும் வெடிக்காததற்குக் கேப்பு இல்லாததுதான் காரணம். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதை அது காட்டவே காட்டாது. மறுநாள் பட்டறையில் குழலின் அடியில் வெல்டிங் வைத்திருந்தால், மருந்து இருந்த அதே இடத்தில் சூடு ஏறியிருக்கும். பழங்காலத் துப்பாக்கிகளால் நேரும் விபத்துகளில் வெட்டுவதாலும் துளைப்பதாலும் சூடேற்றுவதாலும் வருபவையும் உண்டு. சுடுவதால் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவுக்கு விவாதமே தேவைப்படவில்லை. சாமான் அறையின் பின்சுவருக்கு அப்பால் மண்மேடு. குழல்வாய் அந்தச் சுவரைப் பார்க்கும்படி துப்பாக்கியைத் தரையில் கிடத்தினோம். உள்ளே இருந்த கம்பியை யாரும் இழுக்கவில்லை. கேப்பு டப்பாவைத் தொடாமல், அது இருந்த மூலையிலேயே விட்டோம். அறையைப் பூட்டி, சாவியைத் தலைவரிடம் கொடுத்தோம். பக்கத்து மண்டபத்தில் அன்றிரவு விளக்கேற்றவோ சாம்பிராணி போடவோ வேண்டாம் என்று கேட்டபோது பூசாரி தயங்காமல் ஒப்புக்கொண்டார். முனியாண்டி ஓர் இரவு பொறுத்துக்கொள்வார் என்று அவரே சொன்னார்.

அடுத்தது யாரிடம் சொல்வது என்ற கேள்வி. இங்கேதான் பேச்சு முற்றியது.

பொருளாளர், இரவோடு இரவாகப் பழைய ஈயக்குட்டையில் (ஈயச் சுரங்கம் தோண்டிய குளம்) போட்டுவிடலாம் என்றார். அவருடைய பயத்துக்கு நியாயம் இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ்ச் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். படங்களில் நான்கைந்து பையன்களின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பையனின் தாயார் அழுதபடி வந்து நின்றார்.

ஆனால் குட்டையில் போடுவது ஆபத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதாகும். அந்தக் குட்டையில் வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். படங்கள் வெளியே போய்விட்ட நிலையில் துப்பாக்கி காணாமல் போனால், ஒளித்துவிட்டார்கள் என்ற சந்தேகம்தான் மிஞ்சும். செயலாளருக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்தோம். அவர் சுருக்கமாகச் சொன்னார்: இருப்பது தெரியாமல் இருந்தவரை ஒரு நிலை, தெரிந்த பிறகு வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வேறு நிலை. தனி ஆளாகப் போக வேண்டாம், நிர்வாகப் பொறுப்பாளர்களாகச் சேர்ந்து போங்கள். பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அவர்களே வந்து எடுக்கட்டும். நடந்ததை நேர வரிசைப்படி எழுதிக் கொடுங்கள், பையன்கள் கையில் எடுத்ததை மறைக்காதீர்கள்.

தலைவரும் செயலாளரும் பூசாரியும் அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

வேட்டைக்காரரின் மகள் சொன்னது

அவர்கள் போன பிறகு, கோயில் வாசலில் உட்கார்ந்து பாட்டியிடம் பேசி ஒலிப்பதிவு செய்தேன். துப்பாக்கி இனி இந்த ஊருக்குத் திரும்பாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றிய நினைவாவது ஊரில் தங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவருடைய அப்பா தோட்டக் காவல்காரர். துப்பாக்கி அவருக்கு எப்படி வந்தது என்று பாட்டிக்குத் தெரியாது. சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பால் எடுக்க மரம் வெட்ட ஆள் கிளம்பாத விடியலில், பால்மரக் காடு முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்துக்கு அவர் போவார். அவர் தேடிப் போனது சிறிய உயிர்கள்: காட்டுக்கோழி, பச்சைப்புறா, முள்ளம்பன்றி, பழம் தின்ன வரும் பெரிய வௌவால். எல்லாவற்றுக்கும் மேலாகச் சருகுமான். அது இரண்டு கிலோ இருந்தால் அதிகம்.

சருகுமானைக் கூப்பிடும் வித்தையை ஒரு மலாய் நண்பரிடம் கற்றிருந்தார். உலர்ந்த சருகின் மீது இரண்டு குச்சிகளால் வேகமாகத் தட்டுவார். ஆண் சருகுமான் பின்னங்காலால் தரையைத் தட்டும் ஓசை அது. தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று எண்ணி அது தேடி வரும். இருபது முப்பது அடி நெருங்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். "ஒரு வேட்டுதான் தம்பி. தப்பிச்சுன்னா மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள அது அடுத்த தோட்டத்துக்குப் போயிரும்." சுட்டதும் எழும் வெள்ளைப் புகை ஈரக்காற்றில் கலையாமல் நிற்குமாம். பட்டதா இல்லையா என்று தெரிய அப்பா பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பார்ப்பாராம்.

ரவைக்கு மீன் வலையில் கட்டும் ஈயத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வார். அடைப்புக்குத் தேங்காய் நார். மருந்தை மூங்கில் குழாயில் அளந்துதான் போடுவார், கையால் அள்ளிப் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை என்றார் பாட்டி. கூடுதல் மருந்து குழலையே பிளந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீடு திரும்பியதும் பாட்டியின் வேலை அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவருவது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகும். புகையோடு போனது போக மீதி குழலிலேயே தங்கும். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை ஊற்றிக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். கறி நாலு வீட்டுக்குப் பங்கு போகும். வேட்டைக்குப் போகும் முன் துப்பாக்கியை முனியாண்டி முன்னால் கிடத்தி விபூதி பூசுவது வழக்கம். பின்னால் அதை ஒளிக்க இந்தக் கோயிலை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அதுவே விடையாகத் தோன்றுகிறது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. பாட்டிக்கு அப்போது பத்து வயது. விடியலில் வேட்டைக்குப் போக மருந்து கெட்டித்து வைத்திருந்த இரவில்தான் செய்தி லயத்துக்கு வந்ததாக அவர் நினைவு. இந்த வகைத் துப்பாக்கியைக் காலி செய்ய எளிய வழி சுட்டுவிடுவதுதான். இல்லையென்றால் கம்பி முனையில் திருகு பொருத்தி அடைப்பைக் குடைந்து எடுக்க வேண்டும். அவரிடம் திருகு இல்லை.

"சுட்டுக் காலி பண்ணிடுங்கன்னு அம்மா சொன்னாங்க. சத்தம் கேட்டா பட்டாளம் வந்துரும்னு அப்பா சொன்னாரு. மறுநாளு ஆத்துல போட்டுட்டேன்னாரு. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசக்கூடாது."

அவர் பயந்ததில் மிகை ஏதும் இல்லை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவிய காலத்தில் ஒரு காவல்காரர் வாயைத் திறந்திருக்க முடியாது. கேப்பைக் கழற்றி டப்பாவில் போட்டு, காம்பை மெழுகால் அடைத்து, மூட்டை கட்டி, பூசாரியிடம் ஒப்படைத்திருக்கிறார். தம்மால் முடிந்த பாதுகாப்பை அவர் செய்தார். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மூட்டையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற கட்டளை மட்டும் முடியவில்லை. அது பூசாரியிலிருந்து பூசாரிக்குக் கைமாறியது. உள்ளே மருந்து இருக்கிறது என்ற விவரம் முதல் பூசாரியோடு நின்றுவிட்டது.

பின்விளைவு

போலீஸ்காரர்கள் நள்ளிரவுக்கு முன் வந்து அறையைப் பார்த்து, வாசலில் நாடா கட்டினார்கள். காலையில் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து துப்பாக்கியையும் கேப்பு டப்பாவையும் எடுத்துச் சென்றது. குழலில் மருந்தும் நார் அடைப்பும் ரவையும் அப்படியே இருந்தன, மருந்து உலர்ந்தே இருந்தது என்று பின்னர் விசாரணை அதிகாரி தலைவரிடம் சொன்னார்.

வாக்குமூலம் கொடுக்க நிர்வாகிகளும் படத்தில் இருந்த இளைஞர்களும் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார்கள். கைப்பேசிகளைச் சோதித்தார்கள். மாதங்கள் இழுத்தன. அந்தக் காலம் முழுவதும் பிள்ளைகளின் பெற்றோர் தூக்கமில்லாமல் இருந்தார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. இறுதியில் யார் மீதும் வழக்குப் போடவில்லை. உடனே தெரிவித்ததும், பொருளை நகர்த்தாமல் விட்டதும், எழுதிக் கொடுத்ததில் எதையும் மறைக்காததும் உதவின என்பது வழக்கறிஞரின் கருத்து. இன்னொரு ஊரில் இதே முடிவுதான் வரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். எல்லாரும் தங்கள் வழக்கறிஞரைக் கேட்டே நடக்க வேண்டும்.

துப்பாக்கி திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அது பெரிய வருத்தம். துப்பாக்கியின் மரக்கட்டையை மட்டுமாவது கேட்டுப் பார்க்கச் சொன்னார், கேட்டோம், கிடைக்கவில்லை. அவருடைய குரல் பதிவும் பரணில் மூட்டை இருந்த நிலையில் நான் எடுத்த படங்களும் கோயில் ஆவணத்தில் உள்ளன.

இளைஞர்களில் இருவர் பாட்டியின் கதையைக் கேட்டபின் இப்படி வேட்டைக்குப் போக இன்று வழி உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம் வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ்ச் சருகுமானையோ காட்டுக்கோழியையோ உரிமமின்றித் தொட முடியாது. 2022-இல் அந்தச் சட்டத்தின் தண்டனைகளும் கூட்டப்பட்டன. அதைவிட, அந்தப் பெருங்காடே இப்போது இல்லை. சருகைத் தட்டிக் கூப்பிட்டால் வருவதற்கு அங்கே சருகுமானும் இல்லை. இதை அவர்களிடம் நேராகவே சொன்னேன்.

இனி மாற வேண்டியவை

பரணைத் தொடுவதற்கு முன்பே முதியவர்களிடம் பேசியிருக்க வேண்டும். நம் தோட்டக் கோயில் இடமாற்றங்களில் சிலைக்கும் நிலத்துக்கும் அலைகிற அலைச்சலில் சாமான் அறை கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது; பெரியவர்களை அழைப்பது அதற்கும் பிறகு. பாட்டி சனிக்கிழமை காலையிலேயே வந்திருந்தால் அந்த இரண்டு நாள் ஆபத்து நேர்ந்திருக்காது. இதை மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன்.

பிரிக்காத மூட்டை எதுவானாலும், பொறுப்பாளர் இருவர் முன்னிலையில், பிள்ளைகள் இல்லாதபோது பிரிக்க வேண்டும். குழலுள்ள எந்தப் பழைய ஆயுதத்தையும் மருந்து கெட்டித்ததாகவே கொள்ள வேண்டும். கம்பி விட்டுச் சோதிப்பதைக்கூட நாம் செய்யத் தேவையில்லை. பாட்டி சொன்ன குறி ஏற்கனவே வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால்தான் கண்ணில் பட்டது. விசையைத் தட்டுவது, வெயிலில் வைப்பது, எண்ணெய் போடுவது, வெல்டிங், துளை எதுவும் கூடாது. படமெடுத்தால் கிடந்த நிலையிலேயே எடுக்க வேண்டும், குழுக்களில் போடக் கூடாது.

"சாமி சாமான்" என்று சொல்லி ஒப்படைக்கப்படும் பொருள்களைப் பற்றிப் பூசாரிகளோடு நிர்வாகம் தனியே பேசியது. புனிதத்தைக் கெடுக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கலாம் என்பதில் எங்கள் பூசாரிக்கு மறுப்பில்லை. புதுக் கோயிலில் அதற்கென ஒரு பதிவேடு திறந்திருக்கிறார்கள். பக்கத்து வட்டாரத்தில் இன்னொரு தோட்டக் கோயிலும் இடம் மாறவிருக்கிறது. அதன் நிர்வாகம் எங்கள் பதிவேட்டின் மாதிரியைக் கேட்டு வாங்கியது. பரணை இறக்கும் முன் அந்தத் தோட்டத்தில் பிறந்த மூன்று முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசவும் நாள் குறித்திருக்கிறார்கள்.